மதுரைக்கு மேலால் போன விமானம்

"அக்காவைப் போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று ஐயாவிடம் கேட்டேன்.

ஐயா புகையிலை வெட்டிவிட்டு வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். காதில் விழாதவர்போல மற்றக் காலையும் கழுவினார். அம்மா அடுப்பை விட்டுவிட்டுக் குசினி வாசலில் நின்று கண்ணாலேயே என்னை அடக்கப் பார்த்தா. அதை மட்டும் கேட்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வேறு எதையும் கேட்கலாம். கொழும்புக்குப் போய்ப் படிக்கவேணும் என்று கேட்டேன், விட்டார்கள். பி.ஏ.யோடு திரும்பி வந்து உடுவிலில் படிப்பிக்கப் போகிறேன் என்றேன், அதற்கும் விட்டார்கள். தரகர் கொண்டுவந்த இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாமென்றேன், முணுமுணுத்துவிட்டு அதையும் பொறுத்தார்கள். கட்டிக் கொடுத்த அக்காவைத் திருப்பிக் கூட்டிவரச் சொல்லி மட்டும் வாய் திறக்கக்கூடாது.

காரணம் குசினிக்குள் இருந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது.

பாலேஸ்வரி மச்சாள் என் அண்ணை நமசிவாயத்தின் பெண்சாதி, கோப்பாய்க்காரி. மச்சாளின் தமையன் சோமசேகரம் என் அக்கா ஞானாம்பிகையின் புருஷன். எங்கள் வீட்டுப் பெண்ணை அங்கே கொடுத்து அவர்கள் வீட்டுப் பெண்ணை இங்கே எடுத்தார்கள். மாற்றுச் சம்பந்தம். எங்கள் பக்கத்தில் இது புதினமில்லை. இரண்டு பக்கமும் சீதனச் சுமை குறையும் என்று சந்தோஷமாகச் செய்வார்கள். ஒரு பக்கத்துப் பெண் திரும்பி வந்தால் மற்றப் பக்கத்துப் பெண்ணையும் அவளுடைய ஆட்கள் வந்து கூட்டிப்போவார்கள் என்பதைப் பேச்சுக்காலில் யாரும் சொல்வதில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும்.

அத்தானுக்குச் சென்னையில் ஒரு மருந்துக் கொம்பனியின் கந்தோரில் உத்தியோகம். அக்கா போய் நாலு வருஷம். அந்த நாலு வருஷத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. முதற் பிள்ளை வயிற்றிலேயே அழிந்தபோதும் போகவில்லை.

போனது செபஸ்தியம்மா ரீச்சர். யாழ்ப்பாணப் பட்டினத்துக் கடற்கரையில் இருக்கிற கொழும்புத்துறைக்காரி, என்னோடு படிப்பிக்கிறவ. தம்பிக்குக் குருப்பட்டம் கொடுக்கிறார்கள் என்று மாசி மாதம் விமானத்தில் சென்னைக்குப் போய்வந்தா. அக்காவிடம் கொடுக்கச் சொல்லிப் பனம்பழக் களியைக் காயவைத்த பினாட்டில் பொட்டலம் ஒன்று கொடுத்துவிட்டிருந்தேன். திரும்பி வந்தவ, பள்ளிக்கூட வேப்பமரத்தடிக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னா. அக்காவின் இடது கை முழங்கைக்குக் கீழே வளைந்து கிடக்கிறதாம். முறிந்து, யாரும் வைத்தியம் பார்க்காமல், தன்பாட்டில் பொருந்தின கை. அத்தான் வெற்றிலை வாங்க இறங்கிய இடைவெளியில் அக்கா அவவிடம் சொல்லியிருக்கிறா: தான் தனிய வெளிக்கிட்டால் ஓடிப்போனவள் என்று ஊருக்கு எழுதுவாராம்; வீட்டிலிருந்து யாராவது வந்து கூட்டிப்போகவேண்டும்; சித்திரை பிறக்க அவரைப் பம்பாய்க்கு மாற்றுகிறார்கள்; அதற்கு முதல் வரவேண்டும்.

"ஆர் வந்தாலும் காணுமாம், அவ்வளவு போதுமாம்" என்றா ரீச்சர். "அதை ரண்டு தரம் சொன்னவ."

அதற்குப் பிறகு எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. நான் படிப்பிப்பது பூமிசாத்திரம். கரும்பலகையில் இந்தியாவைக் கீறினால் கை தன்பாட்டில் சென்னையிலிருந்து பம்பாய்க்குக் கோடு இழுத்தது. சென்னை என்றால் எங்களுக்கு நேர் வடக்கே, கடலுக்கு அப்பால். பம்பாய் போய்விட்டால் அக்காவை எந்தத் தெருவில் தேடுவது? பங்குனி பாதி போய்விட்டது. அதனால்தான் கேட்டேன்.

ஐயா வேட்டித் தலைப்பால் காலைத் துடைத்தார்.

"மதராஸ் என்ன கோப்பாயோ பிள்ளை, வண்டில் பூட்டிப் போய் ஏத்திக்கொண்டு வர?"

தூரம். எதைக் கேட்டாலும் ஐயா கையில் எடுக்கிற ஆயுதம் இதுதான். அதில் ஞாயம் இல்லாமலும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் போகிறவன் வடக்கே இருக்கிற ஊருக்காக முதலில் தெற்கே மதவாச்சி வரைக்கும் ரயிலில் போகவேண்டும். அங்கே இறங்கி வேறு ரயில் ஏறித் தலைமன்னார். பிறகு கப்பல். தனுஷ்கோடியில் இறங்கி இன்னொரு ரயில். எங்கள் ஊர்ச் சனம் அந்த வழியில் ராமேஸ்வரத்தில் ஒருநாள் நின்று, மதுரையில் ஒருநாள் நின்று, கும்பிட்டுக் கும்பிட்டுத்தான் போகும். அக்காவைக் குடிவைக்கக் கூட்டிப்போன அண்ணையும் அப்படித்தான் போனார்.

"இப்ப பலாலியிலை பிளேன் ஏறினால் ஒண்டரை மணித்தியாலம் ஐயா" என்றேன். "நேர்கோட்டிலை பாத்தால் இருநூற்றிச் சொச்ச மைல்தான். கொழும்புக்கு ரயில் ஓடுற தூரம்கூட இல்லை. காலமை போறவர் அடுத்த நாள் அக்காவோடை வந்து இறங்கலாம்."

அந்த விமானம் எங்களுக்குப் புதுச் சாமான் இல்லை. யுத்தக் காலத்தில் வெள்ளைக்காரன் சமப்படுத்தின நிலத்தில் இப்போது கிழமையில் சில நாள் கொழும்பிலிருந்து வந்து இறங்கி, ஆட்களை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போகிறது. புன்னாலைக்கட்டுவனில் எங்கள் வளவில் நின்றால் அது எழும்புவது தெரியும். அதன் இரைச்சல் கேட்கிற நேரம் பார்த்துத்தான் அம்மா உலை வைக்கிறவ.

ஐயா ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். புகையிலை வெட்டு நடக்கிறது, நடுவில் விட்டுவிட்டுப் போகேலாது. ஆகாயத்தில் ஏற அவருக்கு ஏலாது. அத்தான் மரியாதையான ஆள், திடீரென்று போய் நின்றால் என்ன நினைப்பார். நான் ஒவ்வொன்றுக்கும் மறுமொழி சொன்னேன். கடைசியில், ஒருவரும் போகாவிட்டால் என் சம்பளத்தில் ரிக்கற் எடுத்து நானே போகிறேன் என்றேன்.

அதுதான் வேலைசெய்தது. குமர்ப்பெட்டை தனிய ஆகாயத்தில் போனால் ஊர் சிரிக்கும். ஐயா குசினிப் பக்கம் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார், கனைத்தார்.

"சரி. நமசிவாயம் போகட்டும்."

நானும் வருகிறேன் என்றேன். நீ வந்தால் அங்கை வாய் காட்டி அலுவலைக் கெடுப்பாய் என்றார் அண்ணை. ரிக்கற்றும் தானே எடுப்பதாகச் சொன்னார். அக்கா வந்தால் போதும் என்று நான் வாயை மூடினேன்.

வெள்ளிக்கிழமை காலை வாடகைக் கார் வந்தது. அண்ணை கோட்டுப் போட்டு, திருநீறு பூசி, ஐயாவின் காலில் விழுந்து புறப்பட்டார். மச்சாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றா. முகத்தில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரத்தில் விமானம் வாழைத் தோட்டத்துக்கு மேலால் எழும்பியது. அம்மா முற்றத்துக்கு ஓடிவந்து தலைக்கு மேலே கை கூப்பினா. அது புள்ளியாகி மறைந்த பிறகும் கையை இறக்கவில்லை.

அன்று பள்ளிக்கூடத்தில் நான் கதிரையில் இருக்கவில்லை. முதற் பாடம் முடிய இப்போது கடல் தாண்டியிருப்பார் என்று நினைத்தேன். அடுத்த பாடத்தில் இறங்கியிருப்பார். மத்தியானம் அக்கா உடுப்பு அடுக்கிக்கொண்டிருப்பா, ஒற்றைக் கையால். என் வகுப்புப் பிள்ளைகள் கங்கை நதியை ராஜபுதனத்தில் கொண்டுபோய் விட்டார்கள். நான் திருத்தவில்லை.

மறுநாள் பின்னேரம் அதே கார் வந்து நின்றது. நான்தான் வாசற் படலைக்கு ஓடினேன். அண்ணை மட்டும் இறங்கினார்.

அவர் சொன்னது இதுதான். அக்கா நல்ல சுகம். கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் கை கொஞ்சம் பிசகிவிட்டது, இப்போது நோவு இல்லை. அத்தான் வாசலுக்கு வந்து கூட்டிப்போய்ச் சாப்பாடு தந்தார். அக்காவைத் தனியக் கூப்பிட்டுக் கேட்டபோது, என்ரை வீட்டை விட்டிட்டு நான் ஏன் வரவேணும் என்று கோபித்தாவாம். ரீச்சர் பிழையாக விளங்கிக்கொண்டு வந்துவிட்டாவாம்.

அம்மா ஆறுதலில் அழுதா. "பாத்தியே?" என்றார் ஐயா என்னிடம். எனக்கு அக்காமேல் ஆத்திரம் வந்தது. ஆளனுப்பிக் கூப்பிடுவா, ஆள் போனால் வரமாட்டேன் என்பா. பம்பாய்க்கே போகட்டும் என்றுகூட நினைத்தேன். எழும்பி முற்றத்தில் நடந்தேன், வந்து இருந்தேன், திரும்பவும் எழும்பினேன்.

அம்மாதான் கேட்டா, ஆகாயத்தில் போறது எப்பிடியடா இருந்தது என்று.

அதுவரை விறைத்துப்போய் இருந்த அண்ணைக்கு அந்தக் கேள்வியோடு உடம்பு இளகியது. பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். எழும்பின கொஞ்ச நேரத்தில் கீழே மன்னார் தெரிந்தது. ரயில் பாதை கறுத்த நூல்போலக் கிடந்தது. தலைமன்னார் இறங்குதுறைப் பாலத்தடியில் கப்பல், நெருப்புப்பெட்டி அளவு. பிறகு கடல். கடல் முடிய ராமேஸ்வரக் கோபுரம். எழும்பி நின்று கும்பிடப் பார்த்தாராம், இடுப்பில் பட்டி கட்டியிருந்தபடியால் இருந்தே கும்பிட்டாராம். அதற்குப் பிறகு மதுரை, நாலு கோபுரமும். அம்மா இருந்த இடத்திலேயே கை கூப்பினா.

"எத்தினை மணித்தியாலம் போனது அண்ணை?" என்று கேட்டேன்.

"ஒரு நாலு வரும். தெரியேல்லை, நித்திரையும் கொண்டிட்டன்."

"மதுரைக்கு மேலாலையோ போனது?"

"மேலாலை எண்டால் மேலாலைதான். கோபுரத்திலை இருந்த புறாக்கூடத் தெரிஞ்சுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. பலாலியில் எழும்புகிற விமானத்துக்குக் கீழே கடலைத் தவிர ஒன்றும் இல்லை. கடல் முடிகிற இடம் கோடிக்கரை. அங்கிருந்து கரையோடு வடக்கே போனால் சென்னை. மன்னார் எங்களுக்குத் தெற்கே. ராமேஸ்வரம் தென்மேற்கே. மதுரை அதற்கும் எவ்வளவோ அப்பால், மேற்கே. அண்ணை கும்பிடவேண்டும் என்பதற்காக எந்த விமானியும் அங்கே சுற்றமாட்டான். ஆனால் அண்ணையின் தலைக்குள் சென்னைக்கு ஒரு பாதைதான் இருந்தது. அந்த ரயிலுக்குச் செட்டை கட்டி அதே வழியால் பறக்கவிட்டிருக்கிறார்.

"உங்கடை பிளேன் தண்டவாளத்திலையோ அண்ணை போச்சு?"

"என்னடி கதைக்கிறாய்?"

"நீங்கள் மதராசுக்குப் போகேல்லை எண்டு சொல்லுறன்."

அண்ணை என்னைப் பார்க்கவில்லை. ஐயாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அம்மாவுக்கும்.

"அப்ப நான் நேற்று முத்தத்திலை நிண்டு கும்பிட்டது ஆரை?" என்று அம்மா கேட்டா.

கார் பலாலிக்குப் போகவில்லை. சாவகச்சேரிக்குப் போயிருக்கிறது. அங்கே ஒரு சிநேகிதன் வீட்டில் தின்று படுத்துவிட்டு வந்திருக்கிறார். இதை அண்ணை சொல்லி முடிக்கிற வரைக்கும் ஐயா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"நான்தான் போகவேண்டாம் எண்டனான்" என்றார். "ஒண்டரை மணித்தியாலம் எண்டு நீ சொன்னாப் பிறகுதான் எனக்குப் பயம் பிடிச்சது. ரண்டு நாள் பயணம் எண்டால் ஏன் போகேல்லை எண்டு ஒருதரும் கேளாயினம். ஒண்டரை மணித்தியாலம் எண்டால் கேப்பினம்."

நாலு வருஷத்தில் ஐயா வாயிலிருந்து வந்த முதல் உண்மை. அதற்காக அவரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

அண்ணை பிள்ளையின் தலையைத் தடவினார். ஞானத்தைக் கூட்டிவந்தால் அடுத்த நாளே கோப்பாயிலிருந்து ஆள் வரும், இவளைக் கூட்டிப்போகும், இந்தப் பால்குடியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்கிறது என்று கேட்டார். நடிக்கவில்லை. மச்சாளில் அவருக்கு உயிர். அது எனக்குத் தெரியும்.

"அப்ப உங்கடை பிள்ளைக்குப் பால் வேணும் எண்டதுக்காக அக்கா அங்கை அடி தின்னவேணும்" என்றேன்.

"வாயைப் பொத்து. பி.ஏ. படிப்பிச்சது உதுக்கோ?" என்றார் ஐயா.

"வேறை எதுக்கு ஐயா?"

அப்போதுதான் மச்சாள் குசினியிலிருந்து வெளியே வந்தா. கை முழுக்க மா. அண்ணையிடம் பிள்ளையைக்கூட வாங்கவில்லை.

"கூட்டிப்போக வந்தால் நான் போவனோ எண்டு என்னட்டை ஆராவது கேட்டனீங்களோ?"

ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

"எங்கடை அண்ணை கை நீட்டுறவர் எண்டு எனக்குச் சின்னனிலையே தெரியும். எனக்கும் அடி விழுந்திருக்கு. சம்பந்தம் பேசேக்கை அம்மா என்னை வாய் திறக்காதை எண்டவ. திறக்கேல்லை."

"நாலு வருஷம் பிந்திச் சொல்லுறியள் மச்சாள்."

"ஓம்" என்றா.

அவவில் பாவம் பார்த்திருக்கவேண்டும். நான் பார்க்கவில்லை. அவ இதைச் சொன்ன பிறகாவது ஐயா அசைவார் என்று பார்த்தேன். பெண்டுகள் கதைச்சு எந்தச் சம்பந்தம் நிண்டது என்று கேட்டுவிட்டு, இனி இந்தக் கதை இந்த வீட்டில் இல்லை என்று சால்வையை உதறிக்கொண்டு தோட்டத்துக்கு இறங்கிவிட்டார். அண்ணை பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தார். கோப்பாய்க்குப் போகமாட்டேன் என்றுதானே மச்சாளும் சொல்கிறா, பிறகு என்ன பயம் என்று அண்ணையிடம் கேட்டேன். அவ சொல்லுவா, அவளின்ரை ஐயா நாலு பேரோடை வந்து நிண்டால் நான் என்ன சொல்லுறது என்றார். என்ன சொல்வது என்று அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் கொழும்புத்துறைக்குப் போனேன். செபஸ்தியம்மா ரீச்சர் பூசை முடிந்து வந்து கொண்டிருந்தா. ரோட்டிலேயே மறித்துக் கேட்டேன், உங்கடை மாமி வீட்டுப் பக்க அறை வெறுமையாய்க் கிடக்குது எண்டீர், வாடகைக்குத் தருவாவோ என்று.

"உமக்கோ?"

"ரண்டு பேருக்கு."

ரீச்சர் முக்காட்டை இறக்கிவிட்டு என்னை வடிவாகப் பார்த்தா. "வீட்டிலை கேட்டிட்டீரோ?"

"கேட்டு முடிஞ்சுது. இனிச் சொல்லுறதுதான் மிச்சம்."

அவ மாமியிடம் கூட்டிப்போனா. மாமி எங்களைச் சைவமோ என்று மட்டும் கேட்டா. மீன் பொரிக்கிற மணம் வரும், பிறகு குறை சொல்லக்கூடாது என்றா. சொல்லமாட்டோம் என்றேன். பிறகு ரீச்சரே என்னை ரிக்கற் எடுக்கக் கூட்டிப்போனா. தம்பியின் குருப்பட்டத்துக்குப் போனபோது பழக்கமான ஆள் ஒருவர் ஒழுங்குசெய்து தந்தார். போக ஒன்று, திரும்ப இரண்டு.

செவ்வாய்க்கிழமை விடிய நான் குளித்து, கொழும்பில் வாங்கின வெள்ளைச் சேலை கட்டி, ரங்குப்பெட்டியோடு வெளியே வந்தேன். ஐயா வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"எங்கை?"

"மதராசுக்கு."

"ஆரோடை?"

"ஒருதரோடையும் இல்லை."

மெல்லுவதை நிறுத்தினார். குரலை உயர்த்தவில்லை. தனியப் போய் ஓர் இரவு வெளியிலை நின்றவளை எவன் கட்டுவான் என்று கேட்டார். அதை ஒரு கேள்வியாகத்தான் கேட்டார், ஏச்சாக இல்லை. நான் இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாமென்றது அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

"ஞானம் இஞ்சை வரக்கூடாது" என்றார் பிறகு. "சொல்லிப்போட்டன்."

"வரமாட்டா. நானும் வரமாட்டன். கொழும்புத்துறையிலை அறை எடுத்திருக்கிறன். ஆராவது கேட்டால், உங்களைக் கேளாமல் ரண்டு பெட்டையளும் வீட்டைவிட்டுப் போட்டாளவை எண்டு சொல்லுங்கோ. கோப்பாயிலையிருந்து வந்தால், அது அண்ணையும் மச்சாளும் பாக்கவேண்டிய அலுவல்."

அண்ணை அறைக்குள் இருந்தார். வெளியே வரவில்லை. மச்சாள் வந்தா. பிள்ளை இடுப்பில். அத்தான் வீட்டில் நிற்கிற நேரம் போகாதையும், பத்து மணிக்கு மேல் கந்தோரில்தான் இருப்பார், வீட்டுக்காரக் கிழவியிடம் பூட்டின் மற்றத் திறப்பு இருக்கும், தங்கச்சி முறை என்று சொல்லும், தருவா என்றா. எல்லாம் ஒரே மூச்சில், சமையலுக்குச் சாமான் சொல்வது மாதிரிச் சொன்னா. ஐயா அவவைப் பார்த்தார். அவ பார்வையை எடுக்கவில்லை.

அம்மா என் பெட்டியின் மற்றப் பிடியைப் பிடித்துப் படலை வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தா. படலையைத் தானே திறந்து பிடித்தா.

"பூரணம்" என்று ஐயா முற்றத்தில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

நான் ரோட்டில் ஏறினேன். பலாலிக்குப் போகிற பஸ் வர இன்னும் நேரம் கிடந்தது. நிற்கப் பொறுமை இல்லை. பெட்டியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன்.